ஃபிரிஸ்கோவா, பிளேனோவா, கொப்பெல்லா? முதலில் முகவரியைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் இல்லினாய் மாநிலத்தில் நேப்பர்வில்லில் இருக்கிறோம். என் கணவருக்கு டெக்ஸாஸுக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஆபீஸ் பிளேனோவில், லெகசி வெஸ்ட் பக்கம். வரும் ஆகஸ்டில் மகள் எட்டாவது போகிறாள், மகன் நாலாவது. மகள் நன்றாகப் படிப்பாள், ஆனால் புது இடத்தில் ஒட்டுவதற்கு நாளாகும். மகனுக்கு இங்கே ஐ.இ.பி. (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கான தனித் திட்டம்) இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாள் ஸ்பீச் தெரபி. வீட்டுக்கு ஆறு லட்சம் டாலர் வரை போகலாம். டாலஸ் நண்பர்கள் "கண்ணை மூடிக்கொண்டு ஃபிரிஸ்கோ" என்கிறார்கள். இன்னொரு குடும்பம் கொப்பெல்தான் என்று சத்தியம் செய்கிறது. பிளேனோவில் பள்ளிகளை மூடுகிறார்களாம். வீடு தேடும் தளத்தில் ஒரு எலிமெண்டரிக்கு 10, அடுத்ததற்கு 7 என்று இருக்கிறது. அரசுத் தளத்தில் இரண்டுக்கும் ஒரே கிரேடு. எதை நம்புவது? எந்த டிஸ்ட்ரிக்ட் நல்லது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேப்பர்வில்லில் இருப்பதால் ஒரு விஷயம் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். ஒரே ஊர், ஆனால் ஒரு பக்கம் பள்ளி டிஸ்ட்ரிக்ட் 203, மறுபக்கம் இந்தியன் பிரெய்ரி 204. டாலஸின் வடக்கே இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. ஃபிரிஸ்கோ என்று தபால் முகவரி இருக்கும் வீடு ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யில் (டெக்ஸாஸில் பள்ளி டிஸ்ட்ரிக்டை இப்படித்தான் சொல்வார்கள்) இருக்கலாம், லூயிஸ்வில், லிட்டில் எல்ம், பிராஸ்பர் ஐ.எஸ்.டி.க்களிலும் இருக்கலாம். பிளேனோ நகரின் வடக்கில் சில குடியிருப்புகள் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யைச் சேர்ந்தவை. கொப்பெல் ஐ.எஸ்.டி.யின் ஒரு பகுதி இர்விங் நகரின் வேலி ராஞ்ச் பக்கம் நீள்கிறது. அங்கேயே தெரு மாறினால் கேரல்டன்-ஃபார்மர்ஸ் பிராஞ்ச் டிஸ்ட்ரிக்ட் வந்துவிடும். அதனால் ஊர்ப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது பழைய எல்லையாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்தந்த கவுண்டியில் வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் தளத்தில் (காலின், டென்டன், டாலஸ் மூன்றுக்கும் தனித்தனியாக உண்டு) வீட்டு முகவரியைப் போட்டால், அந்த வீடு யார் யாருக்கு வரி கட்டுகிறது என்ற பட்டியல் வரும். எந்த ஐ.எஸ்.டி. என்பதற்கு அதுதான் கடைசி வார்த்தை. பிறகு அந்த ஐ.எஸ்.டி.யின் சொந்தத் தளத்தில் அதே முகவரியைப் போட்டு எலிமெண்டரி, மிடில், ஹை ஸ்கூல் மூன்றின் பெயரையும், எந்தக் கல்வியாண்டுக்கான எல்லை அது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று பள்ளிச் சங்கிலியைத்தான் நீங்கள் ஒப்பிட வேண்டும். ஃபிரிஸ்கோவின் இரண்டு எலிமெண்டரிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம், ஃபிரிஸ்கோ சராசரிக்கும் பிளேனோ சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட அதிகமாக இருப்பது சாதாரணம்.

இப்போது 10, 7 சமாச்சாரம். வீட்டுத் தளங்களில் தெரியும் ஒன்று முதல் பத்து வரையிலான எண் கிரேட்ஸ்கூல்ஸ் அமைப்பினுடையது. அதில் வளர்ச்சி, கல்லூரித் தயாரிப்பு என்று பல கூறுகள் கலந்திருந்தாலும், எலிமெண்டரியில் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணின் கை ஓங்கியே இருக்கும். மதிப்பெண்ணோ, பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பதைத்தான் முதலில் சொல்லும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுக்க மூன்றாவது முதல் எட்டாவது வரையிலான தேர்வு மதிப்பெண்களை ஒரே அளவுகோலில் கொண்டுவந்து ஆராய்ந்தார். சராசரி மதிப்பெண் குடும்ப வருமானத்தோடு இறுக்கமாகப் பிணைந்திருந்தது; பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதற்கும் வருமானத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. 2017-ல் வெளியான அவரது ஆய்வில் உங்கள் பக்கத்து சிகாகோ மாநகரப் பள்ளிகள்தான் பெரிய ஆச்சரியம்: மூன்றாவதிலிருந்து எட்டாவதுக்குள், அதாவது ஐந்து வருடத்தில், ஆறு வருடப் படிப்புக்குச் சமமான முன்னேற்றம். நேப்பர்வில்லில் வீடு தேடிய காலத்தில் சிகாகோ பள்ளிகளைப் பற்றி இப்படி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த எண்களை வைத்திருக்கும் ஸ்டான்ஃபோர்டின் தளம் எல்லோருக்கும் இலவசம். எந்தப் பள்ளியின் பெயரைப் போட்டாலும் சராசரி மதிப்பெண், கற்றல் வேகம், ஆண்டுப் போக்கு என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். உங்களுக்குத் தேவை இரண்டாவது.

டெக்ஸாஸ் அரசின் ஏ முதல் எஃப் வரையிலான கிரேடு வேறு கணக்கு. மாணவர் சாதனை, பள்ளி முன்னேற்றம் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம். பின்தங்கிய பிரிவுகளை எவ்வளவு மேலே கொண்டு வந்தார்கள் என்பதற்கு 30 சதவீதம். ஆகவே சாதனையில் சுமாராக இருந்து முன்னேற்றத்தில் சிறந்த பள்ளியும் ஏ வாங்கும், சாதனை அதிகமாக இருந்து முன்னேற்றம் தேங்கிய பள்ளியும் ஏ வாங்கும். ஏ என்ற எழுத்தோடு நிறுத்தாமல் உள்ளே கிளிக் செய்து மூன்று கூறுகளின் எண்களையும் பாருங்கள். பழைய வருடத்தோடு ஒப்பிடும்போதும் கவனம் தேவை. 2023 முதல் விதிகள் கடுமையாயின. ஹை ஸ்கூல்களில் கல்லூரி, வேலை, ராணுவத் தயார்நிலை என்ற கூறில் ஏ வாங்க முன்பு 60 சதவீத மாணவர்கள் போதும், இப்போது 88 வேண்டும். இதை எதிர்த்துச் சில டிஸ்ட்ரிக்ட்கள் வழக்குப் போட்டதால் 2023-ன் கிரேடு 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தது. 2024, 2025 இரண்டும் அதே ஆண்டு ஆகஸ்டில் சேர்ந்து வந்தன. 2022-ல் ஏ, 2023-ல் பி என்று இருக்கும் ஹை ஸ்கூலைப் பார்த்து "பள்ளி சரிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எல்லைக்கோட்டை நகர்த்தியது அரசு என்பதை நினைவில் வையுங்கள்.

நம்பத்தகுந்த ஆவணம் என்று நான் கைகாட்டுவது மாநிலக் கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் வெளியிடும் கல்விச் செயல்திறன் அறிக்கை. அங்கே எல்லோரும் அதை டாப்பர் என்பார்கள். பக்கம் பக்கமாக எண்கள் இருப்பதால் பெற்றோர் பெரும்பாலும் திறப்பதே இல்லை. அதை எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டார் என்ற மாநிலத் தேர்வில் தேர்ச்சி மூன்று படி: அப்ரோச்சஸ், மீட்ஸ், மாஸ்டர்ஸ். அப்ரோச்சஸ் என்பது பாஸ் மட்டும். மீட்ஸ் என்றால் வகுப்புக்குரிய தரத்தில் இருக்கிறான். மாஸ்டர்ஸ் என்றால் அடுத்த வகுப்புக்கு முழுத் தயார். எலிமெண்டரியின் சாதனை மதிப்பெண், இந்த மூன்று சதவீதங்களையும் கூட்டி மூன்றால் வகுத்தது. கற்பனையாக இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 96, 74, 40. இன்னொன்றில் 90, 70, 50. இரண்டுக்கும் கூட்டல் 210, சராசரி 70. அரசுக் கணக்கில் இரண்டும் ஒன்று. ஆனால் முதல் பள்ளி யாரையும் பின்தங்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது மேல்தட்டில் இருப்பவர்களை நன்றாக வளர்க்கிறது, கீழே பத்துப் பேரில் ஒருவரைத் தவற விடுகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும், தடுமாறும் பிள்ளைக்கும் இவை இரண்டு வேறு பள்ளிகள். நீங்கள் பார்க்கும் வட்டாரத்தில் அப்ரோச்சஸ் எண் எல்லாப் பள்ளியிலும் உச்சத்தில்தான் இருக்கும், அதில் வித்தியாசம் தெரியாது. மகளுக்கு மாஸ்டர்ஸ் வரிசையைப் பாருங்கள். மகனுக்கு சிறப்புக் கல்வி என்ற பிரிவின் மீட்ஸ் வரிசையைப் பாருங்கள். பிள்ளைகள் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் அந்தக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும்.

அடுத்து, ஒரே வருட அறிக்கையைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று வருட அறிக்கைகளை இறக்கி, ஒரே செட் பிள்ளைகளைப் பின்தொடருங்கள்: 2023-ல் மூன்றாவது, 2024-ல் நாலாவது, 2025-ல் ஐந்தாவது. கணக்குப் பாடத்தில் மாஸ்டர்ஸ் 38, 41, 47 என்று ஏறினால் அந்தப் பள்ளியில் ஏதோ சரியாக நடக்கிறது. 48, 44, 41 என்று இறங்கினால் முதல் எண்ணின் அழகில் மயங்க வேண்டாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு வகுப்பின் தேர்வும் ஒரே கடினம் அல்ல. ஆகவே பள்ளியின் எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் மாநில எண்ணுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கூடுகிறதா, குறைகிறதா என்று பாருங்கள். ஒரு வகுப்பில் 80 பிள்ளைகள் என்றால் நாலு பேர் மாறினாலே 5 சதவீதம் மாறிவிடும், எனவே இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தை விட்டுவிடுங்கள். 2023-க்கு முந்தைய எண்களைச் சேர்க்க வேண்டாம். 2023-ல் தேர்வின் வடிவமே மாறி, முழுக்கக் கணினியில், எழுதும் வினாக்களோடு வந்தது. 2027-28 முதல் ஸ்டாருக்குப் பதில் ஆண்டுக்கு மூன்று சிறு தேர்வுகள் என்று 2025-ல் சட்டம் வந்திருக்கிறது, எனவே மகன் ஐந்தாவது முடிக்கும்போது கணக்கு மறுபடி மாறும்.

அதே அறிக்கையின் பின்பக்கங்களில் ஆசிரியர் விவரம் இருக்கும். முதல் வருட ஆசிரியர்கள் எத்தனை சதவீதம், சராசரி அனுபவம் எத்தனை வருடம், வகுப்பு வாரியாகச் சராசரி மாணவர் எண்ணிக்கை என்பவை பள்ளி அறிக்கையில் கிடைக்கும். ஆசிரியர்கள் விட்டுப் போகும் விகிதத்தை டிஸ்ட்ரிக்ட் அறிக்கையில்தான் போடுவார்கள். என் அனுபவத்தில், ஒரு பள்ளியின் எண்கள் சரிவதற்கு ஓரிரு வருடம் முன்பே ஆசிரியர் பக்கத்தில் அது தெரிய ஆரம்பிக்கும். ரேட்டிங்கைவிட இந்தப் பக்கத்தை நான் அதிகம் மதிக்கிறேன்.

வகுப்பு அளவில் ஒரு பொறி இருக்கிறது. டெக்ஸாஸ் சட்டப்படி கிண்டர்கார்ட்டன் முதல் நாலாவது வரை ஒரு வகுப்பில் 22 பிள்ளைகளுக்கு மேல் கூடாது. ஐந்தாவதுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. உங்கள் மகன் சேரும் வருடம் 22 பேர் இருக்கும் வகுப்பு, அடுத்த வருடம் பெருத்துப் போகலாம். நாலாவது வகுப்பைக் காட்டிவிட்டு அனுப்பினால், ஐந்தாவதில் எத்தனை பிரிவு, எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்த 22-ஐயும் மாநிலத்திடம் விலக்கு வாங்கித் தாண்டலாம். 'டிஸ்ட்ரிக்ட் ஆஃப் இன்னொவேஷன்' என்ற அந்தஸ்து எடுத்த டிஸ்ட்ரிக்ட்கள் இந்த விதியிலிருந்தும், வேறு சில விதிகளிலிருந்தும் தாங்களே விலகிக்கொள்ள முடியும். எந்தெந்த விதியிலிருந்து விலகினார்கள் என்ற திட்டத்தை அவரவர் தளத்தில் வைத்தாக வேண்டும். மூன்று டிஸ்ட்ரிக்டுக்கும் அந்த ஆவணத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள்; பத்து நிமிட வேலை.

மூடும் பள்ளிகள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் பிளேனோ மட்டும் அல்ல. பிளேனோ 2024-ல் இரண்டு எலிமெண்டரி, இரண்டு மிடில் ஸ்கூல்களை மூட முடிவெடுத்தது. கொப்பெல் பிங்கர்ட்டன் எலிமெண்டரியை மூடியது. லூயிஸ்வில் ஐந்து எலிமெண்டரிகளை மூட 2024 டிசம்பரில் வாக்களித்தது. "கண்ணை மூடிக்கொண்டு ஃபிரிஸ்கோ" என்றார்களே, அங்கேயும் ஸ்டேலி மிடில் ஸ்கூல் 2025 கோடையோடு மூடப்பட்டது. காரணம் தரக்குறைவு அல்ல. இருபது முப்பது வருடத்துக்கு முன் கட்டிய வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட்டார்கள், பெற்றோர் அதே வீட்டில் இருக்கிறார்கள். விலை ஏறியதால் சின்னக் குழந்தையுள்ள குடும்பங்கள் வடக்கே பிராஸ்பர், செலைனா என்று போகின்றன. பணமும் தலைக்கணக்கில்தான் வருகிறது. ஒரு மாணவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019 முதல் 6,160 டாலரிலேயே நின்று, 2025-ல் 55 டாலர் மட்டும் ஏறியது. வசதியான டிஸ்ட்ரிக்ட்கள் வசூலிக்கும் சொத்து வரியில் ஒரு பங்கை மாநிலம் திருப்பி எடுத்துக்கொள்ளும். பிளேனோ அப்படிப் பெருந்தொகை கொடுக்கும் டிஸ்ட்ரிக்ட். ஆகவே வீட்டு விலை அதிகமான ஊரில் பள்ளியிடமும் பணம் அதிகம் இருக்கும் என்று எண்ணாதீர்கள். 2024 நவம்பரில் ஃபிரிஸ்கோ வாக்காளர்கள் வரி உயர்வையும், நூறு கோடி டாலருக்கு மேலான கட்டடக் கடன் பத்திரங்களையும் நிராகரித்தார்கள். அதன் பலன் இன்றைய ரேட்டிங்கில் தெரியாது. பழுதுபார்ப்பு தள்ளிப்போவதிலும், பிரிவுகள் குறைவதிலும் மெல்லத் தெரியும்.

மூடலைக் கண்டு பயப்படுவதைவிட, உங்கள் எலிமெண்டரி அந்த வரிசையில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் மக்கள்தொகை ஆய்வாளர்களை வைத்து, பள்ளி வாரியாக வரும் ஆண்டுகளின் மாணவர் எண்ணிக்கையைக் கணித்து போர்டு கூட்டத்தில் வைக்கும். தளத்தில் 'டெமோகிராஃபிக் ரிப்போர்ட்' என்று தேடினால் கிடைக்கும். கட்டடத்தின் கொள்ளளவில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, ஐந்து வருடத்தில் என்ன ஆகும் என்று பாருங்கள். பாதியளவுக்கு வெறுமையாகி, கட்டடமும் பழையதாக இருந்தால் அந்தப் பள்ளி ஆபத்தில் இருக்கிறது. 100-ஐத் தாண்டினால் வேறு தொல்லை: போர்ட்டபிள் வகுப்பறைகள், வருடா வருடம் எல்லை மாற்றம். வளரும் டிஸ்ட்ரிக்டில் வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள், வீடு மாறாமலே பள்ளி மாறுவது இதனால்தான்.

இனி உங்கள் மகள். எனக்கு இங்கேதான் அதிக அக்கறை, ஏனென்றால் மகனுக்கு அவகாசம் இருக்கிறது, அவளுக்கு இல்லை. மூன்று டிஸ்ட்ரிக்டிலும் ஹை ஸ்கூல் அமைப்பே வேறு. பிளேனோவில் ஒன்பதாவது, பத்தாவதுக்கு ஒரு ஹை ஸ்கூல். பதினொன்று, பன்னிரண்டுக்கு சீனியர் ஹை என்று வேறு பள்ளி. ஷெப்டன், ஜாஸ்பர் பிள்ளைகள் பிளேனோ வெஸ்டில் சேர்வார்கள். கிளார்க், வைன்ஸ் பிள்ளைகள் பிளேனோ சீனியரில். கொப்பெல்லில் ஒன்பதாவதுக்கு மட்டும் தனிக் கட்டடம், பிறகு கொப்பெல் ஹை. ஃபிரிஸ்கோவில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஒரே கட்டடம், பள்ளிகளை வேண்டுமென்றே நடுத்தர அளவில் வைத்திருக்கிறார்கள். எட்டாவதில் புதிதாக வரும் உங்கள் மகள் பிளேனோவிலோ கொப்பெல்லிலோ ஐந்து வருடத்தில் மூன்று பள்ளியைப் பார்ப்பாள், ஃபிரிஸ்கோவில் இரண்டு. ஒட்டுவதற்கு நாளாகும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல. நேர்மாறாக, பெரிய சீனியர் ஹையில் பாடத் தேர்வு விரிவாக இருக்கும். அபூர்வமான ஏ.பி. (கல்லூரித் தரத்திலான) பாடத்துக்கும் வகுப்பு திறக்கும் அளவுக்கு அங்கே பிள்ளைகள் சேர்வார்கள். நடுத்தரப் பள்ளியில் பட்டியலில் இருக்கும் பாடம் ஆள் போதாமல் திறக்காமலே போகும். "பட்டியலில் இருக்கிறதா" என்று கேட்காமல், "இந்த வருடம் எந்தெந்த ஏ.பி. வகுப்பு உண்மையில் நடக்கிறது" என்று கவுன்சலரிடம் கேளுங்கள். ஒரு கவுன்சலருக்கு எத்தனை மாணவர்கள் என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள். அமெரிக்கப் பள்ளி கவுன்சலர் சங்கம் பரிந்துரைப்பது 250.

அடுத்தது டெக்ஸாஸுக்கே உரிய ஒரு சட்டம். மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் ஹை ஸ்கூல் வகுப்பின் முதல் 10 சதவீதத்தில் வரும் மாணவர்களுக்குத் தானாக இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அது சுருங்கிச் சுருங்கி, 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு முதல் 5 சதவீதம் என்றாகிவிட்டது. 500 பேர் வகுப்பில் 25 பேர். உங்கள் மகளைப் போலவே படிக்கும் பிள்ளைகள் குவிந்திருக்கும் பள்ளியில் அந்த 25-க்குள் வருவது வேறு, கலவையான பள்ளியில் வருவது வேறு. ரேட்டிங் 10 உள்ள ஹை ஸ்கூலைத் தேடும்போது, ரேங்கில் போட்டி அதிகமுள்ள பள்ளியையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். ஐந்துக்கு வெளியே இருந்தாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அது முழு மதிப்பீட்டில் போகும். ரேங்குக்கு எந்தப் பாடங்கள் சேரும், அட்வான்ஸ்டுக்கும் ஏ.பி.க்கும் எவ்வளவு கூடுதல் மதிப்பு, வேறு மாநிலத்தில் ஏழாவது, எட்டாவதில் எடுத்த அல்ஜீப்ரா கணக்கில் வருமா என்பவை டிஸ்ட்ரிக்ட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும். இதைப் பதிவு செய்யும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதினொன்றாவதில் தெரிந்துகொண்டால் சரிசெய்ய வழியில்லை.

மகனுக்கு வருவோம். மாநிலம் மாறினாலும் ஐ.இ.பி. காலாவதி ஆகாது. மத்திய சட்டப்படி புது டிஸ்ட்ரிக்ட், தன் மதிப்பீட்டை முடிக்கும்வரை, இப்போது கிடைப்பதற்கு இணையான சேவையைக் கொடுத்தாக வேண்டும். டெக்ஸாஸில் இதற்கான கூட்டத்தை 'ஆர்டு மீட்டிங்' என்பார்கள். ஆனால் மறுமதிப்பீட்டில் "தகுதி இல்லை" என்று வரவும் கூடும், தகுதி வரையறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இந்த மாநிலத்தின் பழைய வரலாறும் உங்களுக்குத் தெரிய வேண்டும்: சிறப்புக் கல்வி பெறுவோரை 8.5 சதவீதத்துக்குள் வைக்கும் ஒரு அளவுகோலைப் பல வருடம் வைத்திருந்தார்கள். 2016-ல் ஹூஸ்டன் கிரானிக்கிள் அதை வெளிக்கொண்டு வந்தது, 2018-ல் மத்தியக் கல்வித்துறை அது சட்டவிரோதம் என்றது. அந்த உச்சவரம்பு இப்போது இல்லை, சேவை பெறுவோர் எண்ணிக்கையும் ஏறிவிட்டது. ஏறிய அளவுக்குத் தெரபிஸ்ட்கள் கிடைப்பதில்லை. எனவே பள்ளியில் நேராகக் கேளுங்கள்: ஸ்பீச் தெரபிஸ்ட் இந்தக் கட்டடத்தில் வாரம் எத்தனை நாள், டிஸ்ட்ரிக்ட் ஊழியரா, ஒப்பந்தமா, திரையில் நடத்துகிறார்களா, நேரிலா, ஒரு குழுவில் எத்தனை பிள்ளைகள். "நாங்கள் எல்லாச் சேவையும் தருகிறோம்" என்று மட்டும் சொல்லி நகர்கிறவர்களிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

கணக்கில் அவன் நன்றாக வந்தால் ஒரு நல்ல செய்தி: 2023-ல் வந்த சட்டப்படி, ஐந்தாவது கணக்குத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளை ஆறாவதில் அட்வான்ஸ்டு கணக்கில் தானாகச் சேர்க்க வேண்டும். எந்த டிஸ்ட்ரிக்டானாலும் இது பொருந்தும், இதற்காக ஊர் மாற வேண்டாம்.

பதிவுப் படிவத்தில் வீட்டு மொழி பற்றிக் கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள் என்று பயந்து சிலர் மறைக்கிறார்கள். உண்மையை எழுதுங்கள். ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளை அந்தத் தேர்வைத் தாண்டிவிடும், அத்தோடு முடிந்தது. உங்கள் மகன் விஷயத்தில் மட்டும், அவனுக்கு ஸ்பீச் ஐ.இ.பி. இருப்பதை மொழித் தேர்வு வைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; உச்சரிப்புச் சிக்கலை மொழி தெரியாமை என்று யாரும் தவறாக எடுத்துவிடக் கூடாது.

வரிக் கணக்கு சுருக்கமாக. சொந்த வீட்டில் குடியிருப்போருக்குப் பள்ளி வரியில் முதல் 1,40,000 டாலர் விலக்கு. ஆறு லட்சம் வீட்டுக்கு வரி 4,60,000-க்குத்தான். நூறு டாலருக்கு ஒரு சென்ட் வித்தியாசம் வருடத்துக்கு 46 டாலர். இரண்டு டிஸ்ட்ரிக்டுக்கு இடையே 10 சென்ட் இருந்தாலும் 460 டாலர். இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். கவனிக்க வேண்டியது புதுக் குடியிருப்புகளில் தண்ணீர், சாலை வசதிக்காகத் தனியாக விதிக்கும் 'மட்' வரி. அது நூறு டாலருக்கு 50 சென்ட் என்றால், அந்த விலக்கு இல்லாமல், வருடம் 3,000 டாலர். அப்ரைசல் தளத்தின் அதே பட்டியலில் அது இருக்கிறதா என்று தெரியும். பஸ் விஷயமும் கேளுங்கள். பொதுவாகப் பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்குள் இருந்தால் பஸ் கிடையாது, ஆபத்தான சாலை என்று டிஸ்ட்ரிக்ட் ஒப்புக்கொண்டால் ஒழிய. ஒன்றரை மைல் என்பது காரில் ஒன்றுமில்லை, ஜூன் வெயிலில் சைக்கிளிலும் ஒன்றுமில்லை என்று தோன்றும். பள்ளி திறக்கும் ஆகஸ்டின் வெயில் வேறு.

என் தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். உங்கள் மகளின் தரத்துக்கு இந்த மூன்றில் எங்கும் படிப்பு குறைவாகப் போவதில்லை. பள்ளி மாற்றங்களின் எண்ணிக்கையும், மகனின் தெரபியும்தான் எடை போட வேண்டியவை. ஆகவே முதலில் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.க்குள் வரும் வடக்கு பிளேனோவைப் பார்ப்பேன், ஆபீசும் கிட்டத்தில். எலிமெண்டரியின் நிரம்பல் சதவீதமும் தெரபிஸ்ட் பதிலும் திருப்தியாக இல்லையென்றால், ஷெப்டன் அல்லது ஜாஸ்பர் எல்லையில் உள்ள மேற்கு பிளேனோ. கொப்பெல் நல்ல டிஸ்ட்ரிக்ட், ஆனால் தினமும் 121 நெடுஞ்சாலையில் போய்வர வேண்டிய அளவுக்கு உங்களுக்கு அதில் தனி லாபம் தெரியவில்லை. நண்பர்கள் யாரும் சொல்லாத லூயிஸ்வில் ஐ.எஸ்.டி.யின் காஸில் ஹில்ஸ் பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள், லெகசி வெஸ்டுக்கு அதுவும் அருகில்தான். முதல் வருடம் வாடகைக்கு இருங்கள், ஆனால் வாங்க நினைக்கும் அதே ஹை ஸ்கூல் எல்லைக்குள். எலிமெண்டரி எல்லை மாறினால் மகன் தாங்குவான். மகள் ஒன்பதாவதில் இன்னொரு முறை மாறக் கூடாது.

இல்லினாயை விட்டுக் கிளம்பும் முன் பள்ளியிலிருந்து கையில் வாங்க வேண்டியவை: மகனின் நடப்பு ஐ.இ.பி., கடைசி முழு மதிப்பீட்டு அறிக்கை, இந்த வருடத் தெரபி முன்னேற்றக் குறிப்புகள், இருவரின் மதிப்பெண் மற்றும் தேர்வு அறிக்கைகள், மகள் எடுத்த கணக்குப் பாடத்தின் பாடத்திட்ட விளக்கம், தடுப்பூசிப் பதிவு. "புதுப் பள்ளி கேட்டால் அனுப்புகிறோம்" என்பார்கள். கோடை விடுமுறையில் ஆபீசில் ஆள் இருக்காது. மே மாதக் கடைசிக்குள் நகலை வாங்கிவிடுங்கள், டெக்ஸாஸில் ஆகஸ்ட் இரண்டாவது வாரமே பள்ளி திறந்துவிடும்.